இடது பக்கப் பெட்டி

குஞ்சுப் பொரிப்பகத்தில் அவளுக்கு ஜீரோ அக்கா என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் தப்பாகத்தான் நினைப்பார்கள். படிப்பில் ஜீரோவா, சாமர்த்தியத்தில் ஜீரோவா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிரிப்பு அறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அங்கே வேலை பார்க்கும் எட்டுப் பேருக்கும் எதிரே, அந்த வருடம் அவர்கள்மீது வந்த புகார்களின் எண்ணிக்கை அதில் இருக்கும். அவளுக்கு எதிரே பத்தொன்பது வருடமாக முட்டைதான். அதை அழிக்கும் தேவையே வராததால், சாக்பீஸால் எழுதி எழுதி அலுத்துப்போன யாரோ ஒருநாள் அதை வெள்ளைப் பெயின்ட்டால் எழுதிவிட்டார்கள்.

இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பொரிப்பது முட்டைக்கோழி இனம். பெட்டைக் குஞ்சு வளர்ந்தால் முட்டை இடும்; பண்ணைகளில் அதற்கு ஏகக் கிராக்கி. ஆண் குஞ்சு முட்டையும் இடாது, சட்டென்று சதையும் பிடிக்காது, கறிக்கும் லாயக்கில்லை. ஆகவே ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்த அன்றைக்கே அதன் கதை முடிந்துவிடும். எது ஆண், எது பெண் என்று பார்த்துப் பிரிப்பதுதான் அந்த எட்டுப் பேரின் வேலை. பெண் வலது பக்கப் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து லாரிக்கு. ஆண் இடது பக்கப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து பின்பக்க அறைக்கு. பின்பக்க அறையில் ஒரு இயந்திரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல இருக்கும். இடது கையில் குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றை லேசாக அமுக்கி எச்சத்தைத் தகர டப்பாவில் விட்டுவிட்டு, கட்டைவிரலால் பின்வாயை விரித்து, பெரிய பல்பு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளே குண்டூசித் தலையளவு ஒரு மணி தெரிந்தால் ஆண். தெரியாவிட்டால் பெண். அவள் மணிக்கு ஆயிரத்து நூறு குஞ்சு பார்ப்பாள். ஒன்றுக்கு மூன்றே கால் விநாடிதான். கை பாட்டுக்கு வலதும் இடதுமாகப் போட்டுக்கொண்டிருக்க, வாய் பாட்டுக்குப் பக்கத்து மேசைக்காரியின் மாமியார் கதையைக் கேட்டு உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கும்.

தொல்லை எங்கே என்றால், சில பெண் குஞ்சுகளுக்கும் உள்ளே ஒரு மணி போலத் தெரியும். அது ஆணுடையதா, பெண்ணுடையதா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. கட்டைவிரலால் ஒருதரம் தடவிப் பார்க்க வேண்டும். பெண்ணுடையது அமுங்கிக் கரைந்துவிடும். ஆணுடையது விறைப்பாக நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லோருக்கும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். இரண்டாவது வாரம் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விடியுமுன் மூன்றரைக்கு மேசையில் உட்கார்ந்தால், லாரி காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டாக வேண்டும். ஆளுக்கு எட்டாயிரம் குஞ்சு காத்திருக்கிறது. தடவிக்கொண்டிருந்தால் கதை நடக்காது.

தவறி ஒரு ஆண் வலது பெட்டிக்குள் போய்விட்டால், நாலு மாதம் கழித்துப் பண்ணையில் அது கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு கூவும். பண்ணைக்காரர் போன் போடுவார். வலது பெட்டி ஒவ்வொன்றிலும் பிரித்தவரின் எண் எழுதிய சீட்டு இருக்கும், மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தவறி ஒரு பெண் இடது பெட்டிக்குள் போய்விட்டால் எதுவும் நடக்காது. இடது பெட்டியில் சீட்டும் கிடையாது. "அங்கேருந்து யாரு போன் பண்ணப்போறா?" என்பது அந்த அறையில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்த ஜோக். புதிதாக வந்தவர்களும் ஒரு மாதத்தில் அதற்குச் சிரிக்கப் பழகிவிடுவார்கள்.

ஆகவே, சந்தேகமா, இடது பக்கம் போடு. எழுதி வைக்காத சட்டம் இது. எட்டுப் பேரும் அப்படித்தான் செய்தார்கள். அவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கறாராகச் செய்தாள். கடுகளவு சந்தேகம் வந்தாலும் கை இடது பக்கம் போய்விடும். பத்தொன்பது வருடத்து ஜீரோவின் ரகசியம் இவ்வளவுதான். அவளும் அதை ஒளிக்கவில்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

இதை வைத்து அவளைக் கல்நெஞ்சக்காரி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தெருநாய்மேல் கல்லெறிந்த எதிர்வீட்டுக்காரனோடு நடுத்தெருவில் நின்று சண்டை பிடித்தவள் அவள். குளியலறையில் பல்லி இருந்தால் அது போகும்வரை வெளியே காத்து நிற்பாள். வீட்டில் எலிப்பொறி வைப்பதும், பொறியைத் தூக்கிக்கொண்டு போவதும் புருஷன் பாடு. அவர் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர்; வீட்டு முன்னறைதான் பட்டறை. "ஆயிரக்கணக்குல அனுப்பிட்டு வர்றவளுக்கு ஒரு எலியப் பாக்க முடியல பாரு" என்று அவர் கிண்டல் செய்வார். அதற்கு அவளிடம் பதில் தயாராக இருக்கும். "நான் எங்கங்க அனுப்புறேன்? நான் பாக்குறேன், பிரிக்கிறேன். அவ்வளவுதான் என் வேலை." இந்தப் பதிலைச் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். கல்லூரிக்குப் போய்விட்ட அவர்களுடைய மகள்கூட, நாலாவது படிக்கும்போது, 'அம்மா என்ன வேலை செய்கிறார்' என்ற கேள்விக்கு 'குஞ்சு பார்க்கிறார்' என்றுதான் எழுதியிருந்தாள். டீச்சர் அதற்குச் சரி போட்டிருந்தார்.

பத்தொன்பது வருடம் குனிந்த கழுத்து அந்த வருடம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வலி தோளில் இறங்கி, வலதுகை விரல் நுனிவரை போனது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்படியே குனிஞ்சு வேலை பாத்தீங்கன்னா ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷம். அப்புறம் கையைத் தூக்கவே முடியாது" என்று நறுக்கென்று சொல்லிவிட்டார். நல்ல வேளையாக அந்த மாதக் கடைசியில் மேசைத் தலைவி ஓய்வு பெறுவதாக இருந்தாள். தலைவிக்கு நாற்காலி உண்டு. நிமிர்ந்து உட்காரலாம், எழுந்து நடக்கலாம், எட்டு மேசையையும் மேற்பார்வை பார்த்தால் போதும். ஜீரோ அக்காவை விட்டால் வேறு யார்? சூப்பர்வைசர் வாயாலேயே சொல்லிவிட்டார். புருஷனும் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர் அவர்.

அந்தச் சமயத்தில்தான் புதுசாக ஒரு கால்நடை டாக்டர் அம்மா வேலைக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, அதிர்ந்து பேசமாட்டார். முன்பிருந்த டாக்டர் பின்பக்க அறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இந்த அம்மா வந்த மூன்றாவது வாரம், எல்லோருடைய இடது பெட்டியிலிருந்தும் கலந்துகட்டி ஒரு இருநூறு குஞ்சை எடுத்து, வாயு வைத்துக் கொன்று, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். நூற்றுக்கு நாலு பெட்டை. நிர்வாகத்தில் அது ஒரு குண்டு போட்ட மாதிரி ஆகிவிட்டது. போகக் கூடாத பெட்டைகள் போய்க்கொண்டிருந்தன என்பதுதான் அவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. எட்டுப் பேரையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தலைவியாகப் போகிறவளிடமிருந்து தொடங்கலாம் என்று முடிவாயிற்று.

சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு காதாகச் சொன்னார். "அக்கா, நாளைக்கு உங்க இடது பெட்டியத்தான் எடுக்கப்போறாங்க. உங்களுக்கு என்ன பயம், நீங்க ஜீரோவாச்சே. ஆனா ஒரு வார்த்தை சொல்லி வெச்சுட்டா நல்லதுன்னு பாத்தேன்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினாள். தன் ஜீரோ எந்தப் பக்கத்து ஜீரோ என்று அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, புருஷனின் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு பழைய மெஷினின் வயிற்றைத் திறந்துவைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை இருக்கும்?" என்றார்.

"நூத்துக்கு நாலு இருக்கும். எனக்குக் கொஞ்சம் கூடவே இருந்தாலும் இருக்கும்."

"மீதி தொண்ணூத்தாறு?"

"அது ஆண்."

"அதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"அதுக்கு ஏன் கேக்கணும்? அது சரியாப் போட்டது."

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "இரு, எனக்குப் புரியணும். நூறும் போய்ச் சேருது. அதுல நாலு தப்பாச் செத்தது. தொண்ணூத்தாறு சரியாச் செத்தது."

"ஆமா."

அவர் தலையைச் சொறிந்தார். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று அவள் பார்த்தாள். சொல்லவில்லை. "சரி, நாளைக்கு ஜாக்கிரதையாப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவர் கிண்டல் செய்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

மறுநாள் அவள் ஒரு தீர்மானத்தோடு மேசையில் உட்கார்ந்தாள். இன்றைக்குச் சந்தேகப்பட்டது எதையும் பார்க்காமல் இடது பக்கம் போடுவதில்லை. பக்கத்து மேசைக்காரி வழக்கம்போல மாமியாரை இழுத்துப் பேச ஆரம்பித்ததும், "இன்னிக்கு விட்டுடு, அப்புறம் கேக்குறேன்" என்று வாயடைத்தாள்.

பத்தாவதோ பன்னிரண்டாவதோ குஞ்சிலேயே முதல் சந்தேகம் வந்தது. வழக்கமான நாளாக இருந்தால் அது இந்நேரம் இடது பெட்டியில் விழுந்திருக்கும். கையும் பாதி தூரம் போய்விட்டது; இழுத்துப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தாள். கட்டைவிரலால் தடவினாள். மணி கரைந்துவிட்டது. பெண். வலது பக்கம் போட்டாள். ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்தது வந்தது, தடவினாள், விறைப்பாக நின்றது. ஆண். அதற்கடுத்தது கரைந்தது. அதற்கும் அடுத்தது கரைந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் எழுபதுக்கு மேல் சந்தேகம் வந்தது. இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது. அந்த இரண்டையும் விளக்குக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனாள். அவையும் தெரிந்துவிட்டன.

சந்தேகம் குஞ்சில் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சில குஞ்சுகள் அப்படித்தான், யார் பார்த்தாலும் தெரியாது, கடவுளே வந்து பார்த்தாலும் தெரியாது என்று பக்கத்து மேசைக்காரியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டே வந்தது. ஒரு தடவல், இரண்டு விநாடி, தெரிந்துவிடுகிறது. சோதனையில் தேறிவிடுவோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவேண்டிய நேரத்தில் மனசுக்குள் ஒரு பெருக்கல் கணக்கு ஓட ஆரம்பித்தது.  அதைப் போட்டுக்கொண்டே மீதியையும் பார்த்து முடித்தாள். எட்டாயிரமும் முடிந்தபோது வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் கூட ஆகியிருந்தது. லாரிக்காரர் ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு, டீ குடிக்கப் போயிருந்தார்.

அவளுடைய இடது பெட்டிகளிலிருந்து டாக்டர் அம்மா இருநூறு குஞ்சை எடுத்துப்போனார். மத்தியானத்துக்குமேல் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவரோரம் நீளமான எஃகுத் தட்டுகளில் அறுத்த குஞ்சுகள் பத்துப் பத்தாக வரிசையில் கிடந்தன. மஞ்சள் ரோமம் அப்படியே இருந்தது. சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் பல்.

"இருநூறும் ஆண்" என்றார் டாக்டர். "ஒண்ணுகூடத் தப்பில்ல. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"நான்தான் சொன்னேனே டாக்டர், எங்க அக்கா கை பொய் சொல்லாது!" சூப்பர்வைசர் டீ கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

டாக்டர் ஒரு படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து, படிவத்தில் இருந்ததைத்தான் கேட்டார். "தினமும் இப்படித்தானே பாக்குறீங்க?"

ஆமாம் என்று சொன்னால் போதும். நாற்காலி அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. கழுத்து அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அவள் தட்டுகளைப் பார்த்தாள். இருநூறும் சரியாகக் கிடந்தன.

"இல்ல டாக்டர்" என்றாள். "இன்னிக்கு மட்டும்தான்."

சூப்பர்வைசர் குறுக்கே பாய்ந்தார். "அக்கா, டாக்டர் கேக்குறது இன்னிக்குக் கணக்குத்தான். நீங்க வேற எதையோ நெனச்சுக்கிட்டு..."

"எனக்குப் புரிஞ்சுது சார். தினமுமான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன்."

டாக்டர் பேனாவை மூடாமலே வைத்தார். "மத்த நாள்ல சந்தேகம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"இடது பக்கம் போட்டுருவேன்."

"ஏன், பாத்தா தெரியாதுன்னா?"

"அப்படித்தான் டாக்டர் நெனச்சிருந்தேன். இன்னிக்குப் பாத்தேன். தெரியுது."

 டாக்டர் பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ பெருக்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு நூற்றைம்பது, வருடத்துக்கு இருநூறு நாள், பத்தொன்பது வருடம் என்று வாய்க்குள் முணுமுணுப்பது கேட்டது.

"அஞ்சு லட்சத்து எழுபதாயிரம்" என்றாள் அவள். "மேசையிலயே போட்டுப் பாத்துட்டேன் டாக்டர். இது பொட்டை மட்டும்."

டீ வந்தது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். நாற்காலி மூன்றாவது மேசைக்காரிக்குப் போயிற்று. அவள்மீது அந்த வருடம் இரண்டு புகார் இருந்தது. ஆனாலும் எழுத்தில் மாட்டும்படி அவள் வாய்விட்டு எதையும் சொல்லவில்லை. சந்தேகக் குஞ்சுகளுக்கென்று மேசைக்கொரு மூன்றாவது தட்டு வைக்கச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டது. ஒரு வாரம் லாரி தாமதமாகப் போயிற்று. இரண்டாவது வாரத்திலிருந்து அந்தத் தட்டுகளில் டீ கிளாஸ் வைத்துக்கொண்டார்கள். டாக்டர் அம்மா அதைப் பற்றி நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார்; பதில் வராததால் மூன்றாவதை எழுதவில்லை. ஒரே ஒரு மேசையில் மட்டும் சந்தேகக் குஞ்சை விளக்குக்குக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார்கள். அந்த மேசைக்காரி கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு பதினான்கு மாதம் அப்படிப் பார்த்தாள். அதற்குமேல் கை தூக்கவில்லை, நின்றுவிட்டாள். அந்தப் பதினான்கு மாதமும் இடது பெட்டி நிரம்பிக்கொண்டுதான் இருந்தது. அதில் இப்போது எல்லாம் சரியாக இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

சோதனை நாளன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் புருஷன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். இருந்தாலும் கேட்டார்.

"தேறலையா?"

"தேறிட்டேன். இருநூத்துக்கு இருநூறு."

"அப்புறம் என்ன? நாற்காலி?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு என்ன கிறுக்கா? கேட்டதுக்கு ஆமான்னு சொல்லிட்டு வர்றதுக்கென்ன? உன் கழுத்துக்கு யாரு பதில் சொல்றது? பத்தொன்பது வருஷமா எட்டுப் பேரும் பண்ணுனது. நீ ஒருத்தி சொன்னா போனதெல்லாம் திரும்பி வந்துடுமா?"

"வராது."

"பின்னே எதுக்குச் சொன்னே?"

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது. அந்த வேலைக்குப் போன இத்தனை வருடத்தில், அந்த வேலையை நினைத்து அவள் அழுதது அன்றைக்குத்தான். அவளுக்கே அது வெட்கமாக இருந்தது. அவர் பதறிப்போய், கோபத்தையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"விடும்மா. நாற்காலி போனா போகுது. இதுக்குப் போயா? அதெல்லாம் என்ன, கோழிக்குஞ்சுதானே."

"ஆமாங்க" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கோழிக்குஞ்சுதான். பாத்திருக்கலாம்."